பெட்டிக்காரர் கட்டட்டும்

புதூர் என்றால் லாரிக்காரர்களுக்கு எங்கள் ஊர் ஞாபகம் வராது. சுங்கச்சாவடிதான் ஞாபகம் வரும். மதுரையிலிருந்து வரும் நான்குவழிச் சாலை தூத்துக்குடியை நெருங்குகிற இடத்தில் இருக்கும் புதூர் பாண்டியாபுரம் அது. எங்கள் புதூர் விளாத்திகுளம் தாலுகாவில், கரிசல் காட்டுக்கு நடுவே இருப்பது. மிளகாய் வற்றல், உளுந்து, பாசி, மல்லி, மக்காச்சோளம். மழை ஏமாற்றிய வருஷங்களில் வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கிற கரி. இவ்வளவும் லாரி ஏறித்தான் ஊரைவிட்டு வெளியே போகும். ஆகவே லாரியின் தலையில் விழுகிற எந்தக் காசும் சுற்றி வளைத்து எங்கள் வரப்புக்கு வந்து சேர்ந்துவிடும்.

அந்த நான்குவழிச் சாலையைப் பற்றி 2025 ஜூன் மாதம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஓர் உத்தரவு போட்டது. சாலையை ஒழுங்காகப் பராமரிக்கும்வரை எலியார்பத்தியிலும் புதூர் பாண்டியாபுரத்திலும் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்றது. லாரிப் பட்டறைகளில் அன்றைக்கு லட்டு கொடுக்காத குறைதான். பிற்பாடு அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கின் சட்ட நியாயத்துக்குள் நான் போகவில்லை. வாங்குகிற காசு எதற்காக வாங்கப்பட்டதோ அதற்குப் போகிறதா என்று ஒரு நீதிமன்றமே கேட்க வேண்டிவந்ததை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன். ஏனென்றால் அடுத்ததாக இன்னொரு கட்டணம் வரப்போகிறது.

அதன் பெயர் எதுவாகவும் இருக்கலாம். பசுமைக் கட்டணம், தூய காற்றுக் கட்டணம். நான் புகைக் காசு என்கிறேன். துறைமுகத்துக்குப் போய்வரும் சரக்கு லாரி விடுகிற புகைக்காக வாங்குகிற காசு. தூத்துக்குடியின் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் இன்று அது இல்லை. ஆனால் காற்று அந்தத் திசையில்தான் அடிக்கிறது. துறைமுகங்களைப் பசுமையாக்க 2023 மே மாதம் மத்திய அரசு ‘ஹரித் சாகர்’ வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2025 ஜூலையில் மின்சார லாரி வாங்குவோருக்கு ஊக்கத்தொகை தரும் விதிகள் வந்தன. தூத்துக்குடித் துறைமுகத்திலேயே 2025 செப்டம்பரில் பசுமை ஹைட்ரஜன் சோதனை ஆலையைத் தொடங்கிவைத்தார்கள். இவ்வளவும் வந்த பிறகு லாரியின் புகைக்குழாயை யாரும் பார்க்காமல் விடப்போவதில்லை. பார்க்கட்டும். புகைக் காசு வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. அதை யார் கையில் வாங்குவது என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

முதலில் தூத்துக்குடிக் காற்று. 2019 ஜனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, காற்று தேறாத ஊர்கள் என்று 102 நகரங்களைப் பட்டியல் போட்டார்கள். தமிழகத்திலிருந்து அதில் இருந்தது ஒரே ஒரு பெயர். சென்னை இல்லை, மதுரை இல்லை, தூத்துக்குடி. மற்ற ஊர்கள் பிறகுதான் சேர்ந்தன. காற்று என்பது அந்த ஊரில் லேசான சொல்லும் அல்ல. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி நடந்த போராட்டத்தில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்துப்போனார்கள்.

அந்தப் பட்டியலில் தூத்துக்குடியைச் சேர்த்தது பெரும்பாலும் தூசி. பி.எம்.10 என்கிறார்களே, அது. ஓர் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நாட்டின் வரம்பு. தூசிக்குத் தாய் ஒருத்தி இல்லை. அனல் மின் நிலையங்கள் இருக்கின்றன. நிலக்கரிக் குவியல்கள் இருக்கின்றன. கோடையில் தேரி மண்ணும் பறக்கிறது. லாரியின் புகையைவிட லாரி கிளப்பிவிடுகிற மண் அதிகம் என்றுகூடச் சொல்லலாம். தார்ப்பாய் கட்டாமல் கரியோ சுண்ணாம்புக்கல்லோ ஏற்றிப் போகிற டிப்பர், வழியெல்லாம் சிந்திக்கொண்டு போகிறது. பின்னால் வருகிற டிரெய்லர் அதை அரைத்து மாவாக்குகிறது. அதற்குப் பின்னால் பைக்கில் வருகிறவர் சுவாசிக்கிறார். தார்ப்பாயை இழுத்துக் கட்டு, சக்கரத்தைக் கழுவிவிட்டு வெளியே போ, சாலை ஓரத்தை மண்ணாக விடாதே என்று மூன்று விதிகளை உண்மையாகவே நடைமுறைப்படுத்தினால் பாதி வேலை முடிந்தது. இதற்குக் கட்டணம் எதுவும் தேவையில்லை. கட்டணம் இல்லாத வேலை என்பதால்தானோ என்னவோ, யாருக்கும் அதில் உற்சாகம் இல்லை.

டீசல் புகை வேறு கதை. தூசியை மூக்கு ஓரளவு தடுத்துவிடும். புகையின் நுண்துகள் நுரையீரலின் அடிவரை இறங்கும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் உறுதியாகவே சொல்லிவிட்டது. இதில் எஞ்சினின் வயது நிறையவே கணக்கு. புகைக்கு அரசு வைத்த பி.எஸ். தர வரிசையில், 2010இல் நாடெங்கும் வந்த பி.எஸ்.3 எஞ்சினையும் 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 எஞ்சினையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அனுமதிக்கப்பட்ட துகள் பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. அதாவது ஒரு பழைய லாரியை மாற்றுவது, புதிய லாரிகளில் ஒன்பதைச் சாலையிலிருந்து எடுப்பதற்குச் சமம். ஆகவே பழைய வண்டியைக் குறிவைப்பதில் தவறு சொல்ல முடியாது. அந்த வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் யார் என்று பார்த்தால்தான் சங்கடம்.

இந்தச் சங்கடத்தை நமக்கு முன்பே அனுபவித்தது லாஸ் ஏஞ்சலீஸ். அந்தத் துறைமுகமும் ஒட்டியிருக்கிற லாங் பீச் துறைமுகமும் சேர்ந்தால் அமெரிக்காவிலேயே அதிகம் கன்டெய்னர் இறங்குகிற இடம். 2008 அக்டோபர் 1ஆம் தேதி, 1989க்கு முந்தைய லாரி எதுவும் உள்ளே வரக் கூடாது என்று வாசலை அடைத்தார்கள். 2010இல் அடுத்த கட்டம். 2012 ஜனவரியோடு, 2007ஆம் ஆண்டு எஞ்சின் தரத்துக்குக் கீழே உள்ள எதற்கும் அனுமதி இல்லை. இடைப்பட்ட காலத்தில், 2009 பிப்ரவரியிலிருந்து, பழைய லாரியில் வருகிற 20 அடிப் பெட்டி ஒன்றுக்கு 35 டாலர் கட்டணம். இதைக் கட்ட வேண்டியவர் டிரைவர் அல்லர், சரக்குக்குச் சொந்தக்காரர், அதாவது பெட்டிக்காரர். சுமார் 16,000 லாரிகள் சில ஆண்டுகளுக்குள் மாறின. டீசல் துகள் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று துறைமுகத்தின் கணக்கே சொல்கிறது. துறைமுகத்தைச் சுற்றிக் குடியிருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இதுவரை நல்ல கதை. ஆனால் கட்டணத்தைப் பெட்டிக்காரரிடம் வாங்கியவர்கள், புது லாரி வாங்கும் பாரத்தை யார் தலையில் வைப்பது என்பதில் தோற்றுப்போனார்கள். லாஸ் ஏஞ்சலீஸ் துறைமுகம் கொஞ்சம் யோசித்துத்தான் இருந்தது. லாரிக் கம்பெனிகள் டிரைவர்களைச் சம்பள ஆட்களாக வைத்துக்கொள்ள வேண்டும், வண்டி கம்பெனியுடையதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. லாரிக் கம்பெனிகளின் சங்கம் வழக்குக்குப் போனது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நிபந்தனையை அடித்துவிட்டது. 2013இல் உச்ச நீதிமன்றம் மிச்சம் இருந்த சிலவற்றையும் அடித்தது. பிறகு நடந்தது நமக்குப் பழகிய கதை. கம்பெனிகள் புது லாரியை வாங்கி, அதே டிரைவர்களுக்குத் தவணையில் கொடுத்தன. தவணை, இன்சூரன்ஸ், டீசல், பழுது எல்லாம் டிரைவர் கூலியிலிருந்து பிடித்தம். ஒரு தவணை தப்பினால் வண்டியும் போச்சு, அதுவரை கட்டியதும் போச்சு. 2017இல் ‘யுஎஸ்ஏ டுடே’ நாளிதழ் வெளியிட்ட புலனாய்வு, வாரம் முழுக்க ஓட்டிவிட்டு வீட்டுக்குச் சில்லறையோடு போன டிரைவர்களைப் பற்றிப் பேசியது. காற்று சுத்தமானது, அதற்கு விலை கொடுத்தவர்கள் எல் சால்வடாரிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் பிழைக்க வந்த டிரைவர்கள்.

கடல் கடந்து போவானேன், டெல்லிக்கு வருவோம். 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் டெல்லிக்குள் நுழையும் சரக்கு வண்டிகளுக்குச் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் விதித்தது. சிறிய வண்டிக்கு 700 ரூபாய், பெரிய லாரிக்கு 1,300. டிசம்பரிலேயே இரண்டும் இரட்டிப்பானது: 1,400, 2,600. வாசலில் நின்று லாரிக்காரரிடம் வாங்குகிற காசு இது. ஊரைச் சுற்றிப் போக வழி இருந்தும் ஊருக்குள் புகுந்து போன லாரிகளைத் தடுக்கத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். அந்த வகையில் பலனும் இருந்தது. ஆனால் வசூலான பணத்தில் பெரும் பங்கு வருஷக்கணக்கில் செலவழியாமல் கிடந்தது. மூச்சுத் திணறுகிற ஊரில், மூச்சுக்காக வாங்கிய பணம் வங்கியில் தூங்கியது.

சென்னைக்கும் ஒரு கதை உண்டு. நிலக்கரித் தூசியும் இரும்புத்தாதுத் தூசியும் தாங்காமல் வடசென்னை மக்கள் போராடினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இவற்றைக் கையாளக் கூடாது என்று 2011இல் உயர் நீதிமன்றம் சொன்னது. ராயபுரத்துக்கும் பாரிமுனைக்கும் விடிவு வந்தது. நிலக்கரி எங்கே போனது? சில மைல் வடக்கே, எண்ணூருக்கு. தூய காற்று விதிகளில் எனக்கு எப்போதும் இருக்கிற பயம் இதுதான். அவை அழுக்கை ஒழிப்பதைவிட, குரல் குறைந்த பக்கத்து ஊருக்கு நகர்த்துவதே அதிகம்.

தூத்துக்குடிக்கு அந்தப் பக்கத்து ஊர் எது? சந்தேகமே வேண்டாம், நாங்கள்தான்.

லாரி உலகத்தில் இறங்குமுகம் ஒன்று உண்டு. புது வண்டி முதலில் நெடுந்தூரம் ஓடும். வயது ஏறியதும் துறைமுக ஓட்டத்துக்கு வரும். கிட்டத்துத் தூரம், நடுவழியில் நின்றுபோனாலும் சமாளித்துக்கொள்ளலாம். அதற்கும் ஆகாது என்ற நிலை வந்ததும் உள்நாட்டுக்கு வரும்: கரி மூட்டை, வைக்கோல், செங்கல், ஜல்லி. எங்கள் பக்கம் கரி ஏற்றுகிற வண்டிகளின் முன்கண்ணாடியில் எந்தெந்த ஊர் ஸ்டிக்கர் இருக்கிறது என்று பார்த்தாலே அதன் ஜாதகம் தெரிந்துவிடும். நாளைக்கே துறைமுக வாசலில் ‘பழைய வண்டிக்கு அனுமதி இல்லை’ என்று பலகை வைத்தால், அந்த வண்டிகளெல்லாம் உடைப்புக்குப் போய்விடும் என்றா நினைக்கிறீர்கள்? எங்கள் பக்கத்து நாகலாபுரம் சாலையில் ஓடும். எங்கள் ஊரில் காற்றை அளக்கிற கருவி கிடையாது. அளக்காத இடத்தில் மாசு இல்லை என்பது அரசாங்கக் கணக்கு.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிற ஒரு தம்பியிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். சொந்த வண்டி, சொந்தம் என்றால் பைனான்ஸ்காரருக்கும் அவருக்கும் பொதுச் சொந்தம்.

“வண்டி பழசு, புகையுதுன்னு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? அந்தப் புகைய முதல்ல குடிக்கது நாந்தான. புதுசு எடுத்தா டியூ யாரு கட்டுவா? வாடகை நான் சொல்லுத ரேட்டா? புக்கிங் ஆபீஸ்ல சொல்லுத ரேட்டு.”

பி.எஸ்.6 வண்டி வாங்கிய சிநேகிதர் ஒருவரைப் பற்றியும் சொன்னார். அந்த வண்டிக்கு டீசலோடு யூரியாத் திரவமும் ஊற்ற வேண்டும். எங்கேயோ ஒரு சென்சார் பழுதானால் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு நொண்டும்; ரோட்டோரப் பட்டறையில் வேலைக்காகாது, கம்பெனி சர்வீசுக்குத்தான் போக வேண்டும். இரண்டு நாள் ஓட்டம் போச்சு.

“சரி தம்பி, பெட்டிக்காரர் கொடுத்தா என்ன? வாடகையோட சேர்த்து?” என்று கேட்டேன்.

“பெட்டி யாருதுன்னே எனக்குத் தெரியாதே! சீல் வச்சுக் கொடுக்காக, கொண்டுபோய் விடுதேன். இத்தன வருசத்துல ஒரு பெட்டிக்காரர் மொகத்தக்கூட பாத்ததில்ல.”

இந்தப் பதிலுக்குள்தான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. சங்கிலியின் ஒரு முனையில் சரக்குக்குச் சொந்தக்காரரும் கப்பல் கம்பெனியும். மறு முனையில் ஒரு வண்டி, ஒரு டிரைவர். நடுவில் புக்கிங் ஏஜென்ட், சரக்கு முகவர், யார்டு. காசு கேட்க வருகிற அரசாங்கம் எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற முனையில்தான் கேட்கிறது. ஏனென்றால் லாரிக்கு நம்பர் பலகை இருக்கிறது, பாஸ்டேக் இருக்கிறது, ஓடி ஒளிய முடியாது. பழைய சரக்கு வண்டிக்குத் தமிழகத்தில் பசுமை வரி ஏற்கெனவே இருக்கிறது. 2025 நவம்பரில் மத்திய அரசு எஃப்.சி. எனும் தகுதிச் சான்றிதழுக்கான கட்டணத்தை ஏற்றியபோது, 20 ஆண்டு தாண்டிய கனரக வண்டிக்கு 2,500 ரூபாய் என்றிருந்தது ஒரே தாவலில் 25,000 ஆனது. வண்டியைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற வேலை பத்து மடங்கு கடினமாகிவிட்டதா என்ன? பழைய வண்டி வைத்திருப்பது குற்றம், அதற்கு அபராதம் என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாம். எதற்குக் கட்டணம் என்று பெயர்?

பெட்டிக்காரரிடம் வாங்கினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தூத்துக்குடியில் ஆண்டுக்கு, 20 அடி அளவில், 7 லட்சம் பெட்டிகளுக்கு மேல் ஏறி இறங்குகின்றன. பெட்டிக்கு 100 ரூபாய் என்றால் 7 கோடி. மின்சார லாரி ஒன்றுக்கு மத்திய அரசு தருகிற ஊக்கத்தொகையின் உச்சம் 9 லட்சத்து 60 ஆயிரம். அந்த 7 கோடியை வைத்து, மத்திய அரசு கொடுப்பதற்கு ஈடாக இன்னொரு பங்கு கொடுத்தால், ஆண்டுக்கு 70 லாரிக்கு மேல் மாற்றலாம். 300 ரூபாய் என்றால் 200 லாரியைத் தாண்டும். மின்சார லாரி டீசல் லாரியைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலை என்பதால் எல்லோருக்கும் அது ஒத்துவராது, சிலருக்கு பி.எஸ்.6 வண்டிக்கு வட்டி மானியம் கொடுத்தாலே போதும். பெட்டியில் வராத சரக்குதான் இந்தத் துறைமுகத்தில் அதிகம். ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் கையாளுகிற இடம் இது. லாரியில் போகிற நிலக்கரிக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் டன்னுக்கு ஒரு ரூபாய் போட்டாலும் கேட்கிறவர் காதில் விழாது. ரயிலில் போகிற சரக்குக்கு வேண்டாம்.

லாஸ் ஏஞ்சலீசும் லாங் பீச்சும் 2022 ஏப்ரலிலிருந்து இப்படித்தான் 20 அடிப் பெட்டிக்கு 10 டாலர் வாங்குகின்றன. புகையே விடாத வண்டியில் வந்தால் விலக்கு. இந்த முறை லாரியின் வயதைப் பார்த்து அபராதம் போடாமல், பெட்டிக்குப் பெட்டி சிறு தொகை வாங்கி நிதி சேர்க்கிறார்கள். கலிபோர்னியா மாநிலம் இதற்கு மேலும் ஒருபடி போய், துறைமுக ஓட்டத்துக்குப் புதிதாகச் சேரும் லாரி எல்லாம் புகையே விடாத வகையாக இருக்க வேண்டும் என்றது. அமெரிக்க மத்திய அரசின் ஒப்புதல் கிடைக்காது என்று தெரிந்ததும் 2025 ஜனவரியில் தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தடை உத்தரவு போகும், வரும். சேர்ந்த நிதி நிற்கும்.

எங்கள் பக்கத்துத் தீப்பெட்டி ஆலைக்காரர்கள் இதற்குச் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். பிளாஸ்டிக் லைட்டரோடு மல்லுக்கட்டி மூச்சு வாங்குகிற தொழில் அது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023இல் தடை வந்த பிறகும் முழுதாக மீளவில்லை. அவர்கள் தலையில் இன்னொன்றா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் ஒரு பெட்டி நிறையத் தீப்பெட்டி அனுப்புகிறவருக்கு 100 ரூபாய் என்ன பாரம்? அதே காசு லாரிக்காரர் தலையில் அபராதமாக விழுந்து, அவர் வண்டியை விற்றுவிட்டுப் போனால், கோவில்பட்டியில் லோடு ஏற்ற வண்டி கிடைக்காமல் அலைகிற நாளில் அதைப்போல் பல மடங்கு போகும். கட்டணம் போட்டால் சரக்கு கொச்சிக்கு ஓடிவிடும் என்பார்கள். நூறு ரூபாய்க்காக மலையைத் தாண்டுகிற பெட்டியை நான் பார்த்ததில்லை.

அதிகாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் பெருந்துறைமுகச் சட்டத்துக்குப் பிறகு, துறைமுக வாரியமே தன் கட்டண அட்டவணையை வகுத்துக்கொள்ளலாம். முன்போல வேறு ஆணையத்தின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. இது கட்டணமா, வரியா என்று யாராவது வழக்குப் போடுவார்கள். போடட்டும். பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், எத்தனை வண்டி யாருக்கு மாற்றப்பட்டது என்று மாதாமாதம் துறைமுக வாசலில் பலகையில் எழுதிப்போட வேண்டும், மாற்றிய பழைய வண்டியை உடைத்ததற்கான சான்று இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. உடைக்காத வண்டி எங்கள் ஊருக்கு வந்துவிடும்.

வாசலில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வரிசையில் அடி அடியாக நகர்கிற லாரி எஞ்சினை அணைப்பதில்லை. 2025 அக்டோபருக்குப் பிறகு தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம், நல்ல விதி, தூத்துக்குடி வெயிலில் நின்றவர்களுக்கு அருமை தெரியும். ஆனால் ஏ.சி. ஓட எஞ்சின் ஓட வேண்டும். இன்ன பெட்டிக்கு இன்ன மணி என்று நேரம் ஒதுக்கி, அந்த நேரத்தில் ஏற்றி இறக்கிவிட்டால் ஒரு பைசா செலவில்லாமல் புகை குறையும். காக்கவைத்தால் காக்கவைத்தவர் காத்திருப்புக் கூலி கொடுக்க வேண்டும் என்று வைத்துப் பாருங்கள், வரிசை ஒரே வாரத்தில் கரைந்துபோகும்.

இன்னொரு வழியும் இருந்தது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, புதூர், விளாத்திகுளம் வழியாகத் தூத்துக்குடிக்குச் சுமார் 143 கிலோமீட்டருக்குப் புதிய ரயில் பாதை என்று 2011-12 வாக்கில் அனுமதி கிடைத்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் வெடி போட்டார்கள். தூத்துக்குடி முனையில், மீளவிட்டானிலிருந்து மேல மருதூர் வரை 18 கிலோமீட்டர் போட்டு முடித்தார்கள். தண்டவாளம் அதோடு நிற்கிறது. ஒரு சரக்கு ரயில் எத்தனை லாரியின் பாரத்தை இழுக்கும் என்று கரிசல்காட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையே கணக்குப் போட்டுச் சொல்லும். மிளகாயும் மக்காச்சோளமும் ரயிலேறிப் போயிருந்தால், இந்தக் கட்டுரையில் பாதியை நான் எழுத வேண்டியிருக்காது.

அந்த டிரெய்லர் தம்பி முன்பு வைத்திருந்த வண்டியைப் பற்றிக் கேட்டேன். துறைமுக ஓட்டத்துக்கு ஆகாது என்று ஆனதும் விற்றுவிட்டாராம். வாங்கியவர் எங்கள் ஊர்க்காரர்தான். போன வாரம் கூடப் பார்த்தேன், மூட்டம் பிரித்த இடத்தில் நின்று கரி ஏற்றிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது விட்ட புகை வேலிக்கருவைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. அந்த வண்டிக்கு அடுத்த எஃப்.சி. தை மாதம்.